வாரம் ஒரு வாளி: மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் முறை

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசை கட்டி நிற்கும் தெருவில், ஞாயிற்றுக்கிழமை காலை கால் மணி நேரம் நின்றால் போதும். இந்தப் பேச்சு காதில் விழுந்துவிடும்.

"அண்ணே, போன வாரம் வாங்கின நாலு கோல்டு ஃபிஷ்ல மூணு போயிடுச்சு."

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணலண்ணே. தொட்டிய நல்லா கழுவி, புதுத் தண்ணி ஊத்தினேன். அவ்ளோதான்."

"அதான் பண்ணிட்டீங்களே."

கழுவுவது என்ற சொல்லில்தான் சிக்கல் தொடங்குகிறது. குடத்தைக் கழுவிக் கவிழ்த்து, புதிதாகத் தண்ணீர் பிடித்துவைக்கும் கை நம்முடையது. மீன் தொட்டியையும் அதே கணக்கில் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஏஞ்சல் மீன் இரண்டையும் குண்டானில் பிடித்துவிட்டு, கல்லை எல்லாம் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் அரிசி களைவதுபோல ஐந்து தண்ணீர் விட்டு அலசினேன். கண்ணாடியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். குழாய்த் தண்ணீரை நிரப்பி விளக்கைப் போட்டபோது தொட்டி கடை ஷோகேஸ் மாதிரி பளபளத்தது. மறுநாள் காலை இரண்டு ஏஞ்சலும் ஒருக்களித்துக் கிடந்தன.

தொட்டியைக் காலி செய்யக் கூடாது. கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் ஊற்ற வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்லப்போவது அந்தக் கொஞ்சத்தை எப்படிச் செய்வது என்பதைத்தான்.

தொட்டிக்குள் நடக்கும் வேலை

மீன் தின்கிறது, கழிக்கிறது, செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. தின்னாமல் கிடக்கும் தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அது மீனுக்கு விஷம். இந்த விஷத்தையே சாப்பாடாக வைத்துக்கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் தொட்டியில் இருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் பொல்லாததுதான். மீனின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. ஆனால் அது எங்கும் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பாக்டீரியாக்கள் நீரில் மிதந்து திரிவது குறைவு. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும், அடியில் கிடக்கும் கல்லிலும் வழவழவென்று ஒட்டிக்கொண்டு வாழும். நாம் 'அழுக்கு' என்று நினைத்துத் தேய்த்தெடுப்பதில் பாதி இதுதான். புதுத் தொட்டியில் இது உருவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஐந்து தண்ணீர் விட்டு அலசுவதற்கு அரை மணி நேரம் போதும்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, எதற்கு மாற்றுவது என்று கேட்பவர்கள் உண்டு. அம்மோனியாவுக்கும் நைட்ரேட்டுக்கும் நிறம் கிடையாது. தெளிவாக இருக்கும் தண்ணீரில் மீன் சாகும். லேசாகப் பழுப்பேறிய தண்ணீரில் வருடக்கணக்கில் வாழும்.

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் தொட்டியில் வாரத்துக்கு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) நைட்ரேட் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் கால் பங்கு மாற்றினால், நைட்ரேட் ஏறி ஏறி 40-ஐ ஒட்டி வந்து அங்கேயே நின்றுவிடும். பாதி மாற்றினால் 20-ல் நிற்கும். எதுவும் மாற்றாவிட்டால் நிற்கவே நிற்காது. வீட்டுத் தொட்டிகளுக்கு 40-க்குள் வைத்திருப்பது நல்லது, 20-க்குள் என்றால் இன்னும் நல்லது. வாரம் கால் பங்கு என்ற வழக்கம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

ஆறு மாதமாகத் தண்ணீரே மாற்றாத ஒரு தொட்டி. ஆவியான அளவுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு வந்தார்கள், மீன் நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் விருந்தாளி வருகிறார்கள் என்று முக்கால் தொட்டியை மாற்றினார்கள், மீன் செத்தது. "புதுத் தண்ணி ஒத்துக்கல" என்று சொல்லிவிடுவார்கள். நடந்தது வேறு. பாக்டீரியா வேலை செய்யும்போது நீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகிறது. மாதங்கள் போகப்போகத் தண்ணீர் அமிலமாகிறது. அமிலத்தில் பாக்டீரியாவும் சோர்ந்துவிடும், அம்மோனியா தேங்கும். ஆனால் அமில நீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவத்தில் அடங்கிக் கிடக்கும். அதில் பிஹெச் (அமில, கார அளவு; 7 நடு, அதற்கு மேல் காரம்) 8 உள்ள போர் தண்ணீரைக் கொட்டினால், அடங்கிக் கிடந்தது விஷமாக எழுந்துவிடும். 25 டிகிரியில் பிஹெச் 7-ல் மொத்தத்தில் அரை சதவீதம்தான் விஷ வடிவில் இருக்கும். பிஹெச் 8-ல் அது 5 சதவீதத்துக்கு மேல். பத்து மடங்கு. அப்படிப்பட்ட பழைய தொட்டி உங்கள் வீட்டில் இருந்தால், நாளைக்கே பாதியை மாற்றாதீர்கள். தினம் பத்தில் ஒரு பங்கு என்று இரண்டு வாரம் மாற்றி மெல்ல வழிக்குக் கொண்டுவாருங்கள்.

ஆவியானதற்கு ஈடாக ஊற்றுவது தண்ணீர் மாற்றுவதாகாது. நீர் மட்டும்தான் ஆவியாகும். உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே தங்கும். குழம்பு சுண்டினால் உப்புக் கரிக்கும் கதைதான்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எது?

வெளிநாட்டு வழிகாட்டிகள் 'குழாய்த் தண்ணீர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். நம் வீடுகளில் ஒரே வாரத்தில் மூன்று தண்ணீர் வரும்.

மெட்ரோ வாட்டர், நகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். நம் குடிநீர்த் தரக்கட்டுப்பாட்டின்படி வீட்டுக் குழாயை எட்டும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். நமக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளுக்கு எரிச்சல், ஃபில்டர் பாக்டீரியாவுக்குச் சாவு. மழைக்காலத்தில் குழாயைத் திறந்ததும் நீச்சல்குள வாடை அடிக்கும் நாட்கள் உண்டு. அன்றைக்கு இரட்டிப்புக் கவனம் தேவை. சென்னையில் இன்னொரு விஷயம்: செம்பரம்பாக்கம், புழல் ஏரித் தண்ணீரும், வீராணத்திலிருந்து வருவதும், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்புவதும் என்று மூலங்கள் பல. எதிலிருந்து வருகிறதோ அதற்கேற்ப உப்பின் அளவு மாறும். போன மாதம் ஒத்துப்போன தண்ணீர் இந்த மாதமும் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

போர் தண்ணீரில் குளோரின் இருக்காது. அதனால் நேராக ஊற்றலாம் என்பார்கள். கூடாது. நிலத்தடியிலிருந்து அப்போதுதான் வந்த தண்ணீரில் பிராணவாயு குறைவு, கரியமில வாயு அதிகம். ஒருநாள் திறந்து வைத்து, முடிந்தால் ஏர் பம்ப் குமிழி விட்டு, பிறகு ஊற்றுங்கள். உப்பு அதிகமான போர் தண்ணீரில் கப்பி, மோலி, ப்ளாட்டி எல்லாம் சந்தோஷமாகவே இருக்கும். குறிப்பாக மோலிக்குக் கடினநீர்தான் பிடிக்கும். உப்பு குறைந்த மென்மையான நீரை விரும்பும் நியான் டெட்ரா வளர்க்க ஆசைப்பட்டால் யோசியுங்கள். தண்ணீருக்கேற்ற மீனை வாங்குவது சுலபம். மீனுக்கேற்றபடி தண்ணீரை மாற்றிக்கொண்டிருப்பது தீராத வேலை.

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், டெட்ராவே வளர்க்கலாம். ஆனால் மென்மையான நீரில் காரத்தன்மை குறைவு என்பதால் பிஹெச் சீக்கிரம் சரியும். வாராவாரம் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாத வீடு அதுதான்.

லாரித் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது எங்கள் குடியிருப்புக்கு வந்ததெல்லாம் லாரித் தண்ணீர்தான். ஒரு லோடு டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 600 காட்டும், அடுத்த லோடு 1,400 காட்டும். அந்தச் சமயத்தில்தான் பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினேன். விஷத்தை அது காட்டாது, கரைந்திருக்கும் உப்பை மட்டும்தான் காட்டும். ஆனாலும் தொட்டி நீருக்கும் வாளி நீருக்கும் எவ்வளவு தூரம் என்பதை இரண்டு விநாடியில் சொல்லிவிடும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் கால் பங்குக்குப் பதில் பத்தில் ஒரு பங்கு மாற்றுவேன்.

20 லிட்டர் கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் சுத்தமானது என்று முழுத் தொட்டியை நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மீனுக்குத் தேவையான தாதுக்கள் அதில் மிகக் குறைவு, பிஹெச்சைப் பிடித்து நிறுத்தும் காரத்தன்மையும் இருக்காது. ரொம்ப உப்பான போர் தண்ணீரோடு கலந்து பயன்படுத்தலாம், தனியாக வேண்டாம்.

சிங்கப்பூரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின். எத்தனை நாள் வாளியில் வைத்தாலும் நம்மூர் குளோரின்போலப் பறந்துபோகாது. குளோரமினையும் அதிலிருந்து பிரியும் அம்மோனியாவையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் திரவம் மீன் கடைகளில் கிடைக்கும். அதைக் கட்டாயம் விட வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

இரண்டு வாளி. இதில் சமரசம் கிடையாது. துணி துவைத்த வாளி, பாத்ரூம் கழுவிய வாளி எதுவும் ஆகாது, எத்தனை முறை அலசினாலும் சோப்பு மிச்சம் இருக்கும். புதிதாக வாங்கி, 'மீன்' என்று மார்க்கரில் பெரிதாக எழுதிவிடுங்கள். அப்படி எழுதியும் எங்கள் வீட்டில் ஒருமுறை அதில் போர்வை ஊறியது. அன்றே அது பாத்ரூம் வாளியாகப் பதவியிறக்கம் பெற்றது.

அரை அங்குல டியூப், ஆறடி. கொத்தனார் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் கண்ணாடி மாதிரியான டியூப் இருக்கிறதே, அதுதான். ஹார்டுவேர் கடையில் அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி எறிந்துவிட்டு, அதன் கழுத்தில் டியூபைச் செருகி இறுக்கினால், கல்லைச் சுத்தம் செய்யும் சைபன் தயார். கடையிலும் விற்கிறார்கள், வேலை ஒன்றுதான்.

ஆன்டி குளோரின். மீன் கடையில் சொட்டு மருந்து பாட்டிலிலும் கிடைக்கும், வெள்ளைக் கற்கண்டு மாதிரிப் பொட்டலத்திலும் கிடைக்கும். அந்தக் கல்தான் சோடியம் தயோசல்ஃபேட். போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் ஒருகாலத்தில் ஹைப்போ என்று சொன்னது. ஒரு மில்லிகிராம் குளோரினை முறிக்க ஏறக்குறைய ஏழு மில்லிகிராம் தேவை. 10 கிராம் கல்லைக் கரைத்து 100 மில்லி கரைசலாக வைத்துக்கொண்டால், 12 லிட்டர் வாளிக்கு 1 மில்லி போதும். நல்ல வாடையடிக்கும் தண்ணீரையும் அது சமாளிக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சால் அளக்கலாம். முதல்நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைக்க முடிந்தால் இது இல்லாமலும் சமாளிக்கலாம், ஆனால் அவசரத்துக்கு வீட்டில் ஒரு பாட்டில் இருக்கட்டும்.

முதல்நாள் மாலை

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பாருங்கள். கடைகளில் அதிகம் விற்கும் 2×1×1 அடித் தொட்டி விளிம்புவரை நிரம்பினால் சுமார் 56 லிட்டர். கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உள்ளே இருப்பது 40-லிருந்து 45 லிட்டர்தான். கால் பங்கு என்றால் பத்துப் பன்னிரண்டு லிட்டர். அதாவது ஒரு வாளி. தொட்டியின் வெளிப்பக்கம், இப்போதைய நீர்மட்டத்திலிருந்து ஆறரை சென்டிமீட்டர் கீழே ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 6.5 ஆழம்: 11.7 லிட்டர். இனி ஒவ்வொரு வாரமும் அந்த டேப் வரை எடுத்தால் சரி, அளக்க வேண்டியதில்லை.

வாளியில் தண்ணீரைப் பிடித்து, மேலே ஒரு மெல்லிய துணியைக் கட்டிவையுங்கள். காற்றுப் போக வேண்டும், கொசு போகக் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய நல்ல தண்ணீர்தான் பிரசவ ஆஸ்பத்திரி. ஒரு நாளில் ஒன்றும் ஆகாது, ஆனால் மாற்ற மறந்து வாளி ஒரு வாரம் கிடக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

வாளியைத் தொட்டி இருக்கும் அறையிலேயே வையுங்கள். இரவு முழுக்க ஒரே அறையில் இருந்தால் இரண்டின் வெப்பமும் ஒன்றாகிவிடும். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து மதியம் வரும் தண்ணீரில் கையை வைக்க முடியாது. அதை நேராக ஊற்றுவது மீனை அவிப்பதற்குச் சமம். வெப்பநிலை வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். கையை வைத்துப் பார்ப்பதைவிட ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தெர்மாமீட்டரை நம்புங்கள்.

மறுநாள் காலை

மீனுக்குத் தீனி போடாதீர்கள், வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் போடலாம். மீனை வெளியே எடுக்கவும் கூடாது. வலையைக் கண்டு அது ஓடும் ஓட்டமே பெரிய தண்டனை.

முதலில் மின்சாரம். ஃபில்டர், ஹீட்டர், ஏர் பம்ப் எல்லாவற்றையும் ஸ்விட்சில் நிறுத்தி, ப்ளக்கைப் பிடுங்குங்கள். ஈரக் கையோடு தொட்டிக்குள் கைவிடப் போகிறீர்கள், அதனால் இதைத் தவிர்க்கவே கூடாது. ஹீட்டரை நிறுத்தியதும் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். சூடாக இருக்கும்போது நீர்மட்டம் இறங்கி அது காற்றில் தெரிந்தால் ஹீட்டரின் கண்ணாடி விரிசல் விடும். ஃபில்டர் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடினால் கருகிவிடும்.

கையை வெறும் தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள். சோப்பு, சானிடைசர், கொசு விரட்டும் க்ரீம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேலையை இன்னொருவரிடம் விடுங்கள் அல்லது கையுறை போடுங்கள்; தொட்டி நீரில் வாழும் ஒருவகை மைக்கோபாக்டீரியம் காயத்தின் வழியே புகுந்து, மாதக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் லேசில் போகாது.

முன்பக்கக் கண்ணாடியில் பாசி படிந்திருந்தால் இப்போதே, தண்ணீர் எடுப்பதற்கு முன்பே, சுரண்டிவிடுங்கள். காலாவதியான ஏடிஎம் கார்டு இதற்கு அருமையான கருவி. பின்பக்கத்துப் பாசியை விட்டுவிடலாம். அது நைட்ரேட்டைத் தின்கிறது, யாரும் பார்ப்பதுமில்லை.

இப்போது சைபன். காலி வாளி தொட்டியைவிடக் கீழே, தரையில் இருக்கட்டும். பாட்டில் முனையைத் தொட்டிக்குள் முழுவதும் முக்கி, டியூபையும் உள்ளே விட்டுச் சுருட்டி, காற்றுக் குமிழி எல்லாம் வெளியேறும்வரை பொறுங்கள். டியூபின் மறுமுனையைக் கட்டைவிரலால் அடைத்து வெளியே எடுத்து, வாளிக்குள் தாழ்த்தி, விரலை எடுங்கள். தண்ணீர் தானாகப் பாயும். பெட்ரோல் எடுப்பவர்போல வாயால் உறிஞ்சாதீர்கள். அந்த ருசி ஒருமுறை வாய்க்குள் போனால் மறக்காது, வயிற்றுக்கும் ஆகாது.

பாட்டிலின் அகன்ற வாயைக் கல்லுக்குள் குத்திச் செருகுங்கள். கல் பாட்டிலுக்குள் பாதி தூரம் எழும்பிச் சுழலும். கற்களின் இடுக்கிலிருந்து பழுப்புப் புகை மாதிரிக் கசடு கிளம்பி மேலே ஏறி, கண்ணாடி டியூபுக்குள் ஓடுவதை நீங்களே பார்க்கலாம். கல் கனமென்பதால் திரும்ப விழுந்துவிடும். புகை நின்று, ஓடும் நீர் தெளிந்ததும், டியூபைச் சற்றே மடக்கிப் பிடித்துப் பாட்டிலை எடுத்துப் பக்கத்து இடத்தில் குத்துங்கள். இப்படியே ஒரு பாதி. மறுபாதியை அடுத்த வாரத்துக்கு விடுங்கள். பாக்டீரியாவின் குடியிருப்பை ஒரே நாளில் காலி செய்ய வேண்டாம். உயிர்ச்செடி நட்டிருக்கும் இடத்தில் ஆழமாகக் குத்தாமல் மேலாக மட்டும் உறிஞ்சினால் போதும், அந்தக் கசடு செடிக்கு எரு.

கப்பி வளர்ப்பவர்கள் ஒரு கண் டியூபிலேயே வைத்திருங்கள். ஆர்வக்கோளாறில் மீன்கள் பாட்டில் வாயருகே வந்து எட்டிப்பார்க்கும். குஞ்சுகள் போயே விடும்.

டேப் ஒட்டிய இடம் வந்ததும் டியூபைத் தொட்டியிலிருந்து தூக்கிவிடுங்கள். அந்த நேரத்தில் போன் அடித்தால் எடுக்காதீர்கள். அரை அங்குல டியூப் எவ்வளவு சீக்கிரம் வாளியை நிரப்பி வரவேற்பறையில் ஓடவிடும் என்பதை ஒரு தீபாவளிக் காலையில் நான் கற்றுக்கொண்டேன்.

ஃபில்டர் ஸ்பாஞ்சை வாரம்தோறும் தொட வேண்டியதில்லை. தண்ணீர் வரத்து குறைந்தால் மட்டும், மாதம் ஒருமுறைபோல. அதையும் இப்போது வாளியில் எடுத்த பழைய தண்ணீரிலேயே முக்கி, இரண்டு மூன்று முறை பிழிந்து, அப்படியே திரும்ப மாட்டுங்கள். வெள்ளையாக வேண்டுமென்று குழாயடியில் வைத்துத் தேய்த்தால், குளோரின் அத்தனை பாக்டீரியாவையும் கொன்றுவிடும். ஆறு வார உழைப்பு ஒரு நிமிடத்தில் போகும். ஸ்பாஞ்ச் பிழியும் வாரத்தில் கல்லைத் தொடாதீர்கள்.

இனி புதுத் தண்ணீர். முதல்நாள் வைத்த வாளியில் வெப்பம் பாருங்கள், சந்தேகமிருந்தால் ஆன்டி குளோரின் விட்டுக் கலக்குங்கள். கல்லின்மேல் ஒரு தட்டையோ கிண்ணத்தையோ வைத்து அதன்மேல் சொம்பால் மெதுவாக ஊற்றினால் கல் கலையாது, கசடு கிளம்பாது. ஒரு வாளியைத் தீர்க்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுவலிக்காரர்கள் வாளியை உயரமான ஸ்டூலில் வைத்து அதே டியூபால் தொட்டிக்குள் இறக்கலாம், சொம்பே வேண்டாம்.

ஃபில்டர் நீரில் மூழ்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ப்ளக்கைச் செருகுங்கள். வயர் ப்ளக்கை நோக்கி நேராக இறங்காமல், ப்ளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேறும்படி விடுங்கள். சொட்டும் தண்ணீர் வளைவில் விழும், ப்ளக்குக்குள் போகாது.

அவ்வளவுதான். பழகிவிட்டால் மொத்தம் இருபத்தைந்து நிமிடம்.

ஊற்றியதும் மீனைப் பாருங்கள்

பத்து நிமிடம் தொட்டியெதிரே உட்காருங்கள். மீன்கள் சுறுசுறுப்பாகத் துரத்தி விளையாடினால் நல்லது. மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அல்லது கண்ணாடியில் மோதிக்கொண்டு தாறுமாறாகப் பாய்ந்தால், குளோரினைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மொத்தத் தொட்டிக்கும் கணக்கிட்டு ஆன்டி குளோரின் விட்டு, ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள். கோடையில் ஏர் பம்ப் எப்போதுமே ஓடட்டும். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் 7.5-தான்.

கடைக்காரர் கொடுக்கும் நீல மருந்தையும், ஒரு கைப்பிடி கல்லுப்பையும் ஒவ்வொரு முறையும் போடும் பழக்கம் நம்மூரில் ஊறிப்போயிருக்கிறது. நீல மருந்து, அதாவது மெத்திலீன் ப்ளூ, நோய்க்கான மருந்து. நோயில்லாத தொட்டிக்கு எதற்கு? ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் அது ஆகாது. உப்பு ஆவியாகாது என்று முன்பே சொன்னேன். வாராவாரம் ஒரு கைப்பிடி போட்டால் எடுத்த கால் பங்கில் கொஞ்சம்தான் வெளியேறும், மிச்சம் வாராவாரம் சேர்ந்து நாலு கைப்பிடியை ஒட்டி ஏறிவிடும். செடியும் டெட்ராவும் முதலில் சுருளும்.

'டேங்க் க்ளீனர்' என்று தலையில் கட்டும் சக்கர் மீன் தண்ணீரைச் சுத்தம் செய்யாது. கொஞ்சம் பாசி தின்னும், அதைவிட அதிகமாகக் கழிக்கும், ஒரு அடிக்கு மேலும் வளரும். பெரிதாகிவிட்டதென்று ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். நம் ஏரிகளில் ஏற்கெனவே அது பெருகி, உள்ளூர் மீன்களுக்கும் வலைக்காரர்களுக்கும் தொல்லையாகியிருக்கிறது.

வேறு தொட்டி, வேறு கணக்கு

கோல்டு ஃபிஷ் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். அது இருந்தால் வாரம் ஒரு வாளி போதாது, இரண்டு. இரண்டடித் தொட்டியில் நாலு கோல்டு ஃபிஷ் என்பதே அதிகம் என்று கொளத்தூர் அண்ணன் அந்த வாடிக்கையாளரிடம் விற்கும்போதே சொல்லியிருக்கலாம்.

ஃபைட்டர் மீனை நாலைந்து லிட்டர் ஜாடியில் ஃபில்டர் இல்லாமல் வைத்திருப்பவர்கள், வாரம் இரண்டு முறை மூன்றில் ஒரு பங்கு மாற்ற வேண்டும். ஃபைட்டர் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் என்பதால் மோசமான தண்ணீரிலும் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைச் சௌக்கியம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

புதுத் தொட்டியில் முதல் ஒன்றரை மாதம் பாக்டீரியா இன்னும் குடியேறவில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு மாற்றுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள், கல்லையும் ஸ்பாஞ்சையும் தொடவே தொடாதீர்கள்.

கொசு மருந்து அடிக்கும் வீடுகளில் தண்ணீர் எவ்வளவு ஒழுங்காக மாற்றினாலும் மீன் திடீரென்று சாவதுண்டு. சுருள், லிக்விட், ஸ்ப்ரே எல்லாவற்றிலும் பைரெத்ராய்டு வகை மருந்துகள்தான் பெரும்பாலும். மீனுக்கு அவை மிகக் கொடியவை. மூடியில்லாத தொட்டி இருக்கும் அறையில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஏர் பம்ப் அந்த அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

எடுத்த பழைய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். நைட்ரேட் என்பது செடிக்கு உரம். எங்கள் மாடியில் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் அதுதான் போகிறது. வேறு உரம் போட்டதில்லை. உப்போ மருந்தோ கலந்த தண்ணீர் மட்டும் செடிக்கு வேண்டாம்.

ஊற்றுவதற்கு முன் வாளியை வெளிச்சத்தில் வைத்து, கசடு அடியில் தங்கும்வரை ஐந்து நிமிடம் பொறுத்து, உள்ளே பாருங்கள். போன வாரம் கறிவேப்பிலைத் தொட்டியருகே வாளியைச் சாய்க்கப்போன என் மகள், "அப்பா, தண்ணி நகருது" என்றாள். கண்ணும் வாலும் மட்டும் தெரிகிற கப்பிக் குஞ்சுகள். டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக அள்ளினோம். ஒன்பது.